தடையின்றித் தெரியும் ஏரி

தேயிலை விற்கவில்லை. ஆகவே பங்களாவை விற்பது என்று கம்பெனி முடிவு செய்தது.

2001-ஆம் வருடம். குன்னூர் ஏலத்துக்கு எங்கள் ஹாதர்லி எஸ்டேட்டின் தூள் போகும். போன இடத்திலேயே கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருக்கும். முதலில் ஃபேக்டரியை மூடினார்கள். பிறகு, கொழுந்தெடுக்க வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். அதற்குப் பிறகு மூடுவதற்கும் குறைப்பதற்கும் ஒன்றும் மிச்சமில்லாததால், மேலதிகாரிகள் கூடி யோசித்து, எஸ்டேட்டில் எந்த வேலையும் செய்யாமல் நிற்கும் ஒரே பொருள் பங்களாதான் என்று கண்டுபிடித்தார்கள்.

நடுவட்டத்திலிருந்து அரைமணி நேரம் நடந்தால் பங்களா. 1923-இல் ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டு வீட்டு ஞாபகத்தில் கட்டியது. இந்த மாதிரிக்கு டியூடர் பாணி என்று பெயர். சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். அதில் நேரும் சாய்வுமாகக் கறுப்பு மரச்சட்டங்கள் தெரிய வேண்டும். கட்டியவருக்கு மரம் கிடைக்கவில்லையோ, பொறுமை கிடைக்கவில்லையோ, சட்டம் வரவேண்டிய இடங்களில் எல்லாம் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டார். வருடா வருடம் பெரிய அதிகாரிகள் வருவதற்கு முன் அந்தக் கோடுகளின் மேல் ஃபேக்டரி இன்ஜினின் கழிவெண்ணெயைப் பூசுவது பரமசிவன் என்ற தொழிலாளியின் வேலை. இருபத்தேழு வருடமாகப் பூசுகிறார்.

என் அப்பா நஞ்சப்பன் எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க். நான் கீர்த்திவாசன், ஊட்டியில் பி.ஏ. இங்கிலீஷ் மூன்றாம் வருடம். இந்த இரண்டு தகவலும் எஸ்டேட் மேனேஜர் கருணாகரனுக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்ததுதான் இந்தக் கதையின் தொடக்கம்.

"நஞ்சப்பன், உங்க பையன் இங்கிலீஷ்தானே படிக்கிறான்? பங்களாவுக்கு விளம்பரம் எழுதித் தரச் சொல்லுங்க. வெளி ஆளுக்குக் குடுத்தா அவனுக்கு வேற டீ வாங்கிக் குடுக்கணும்."

"சரிங்க சார்," என்றார் அப்பா. முப்பது வருடத்தில் அவர் ஆபீசில் சொன்ன ஒரே வாக்கியம் அது.

வீட்டுக்கு வந்து என்னிடம் வேறு வாக்கியம் சொன்னார். "அடக்க ஒடுக்கமா எழுதோணும். உன்ர காலேஜ் புஸ்தகத்துல பண்ற குசும்பையெல்லாம் இங்க கொண்டாந்தீன்னா தோலை உரிச்சுப் போடுவேன்."

குசும்புக்கு யாராவது இப்படி அழைப்பு வைத்தால் என்ன செய்வது? ஐந்து வரி எழுதினேன். ஐந்தும் பொய். எப்படியும் மேனேஜர் நாலை அடித்துவிடுவார், ஒன்றாவது தப்பட்டும் என்பது கணக்கு. சட்டங்கள் கருங்காலி மரம் என்றேன். தோட்டத்து ரோஜாக்கள் ஒரு சீமாட்டி கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை என்றேன். குளிர்காயும் அடுப்பு புகையாது என்றேன். மாடிப்படியில் ஒரு ஆவி இருக்கிறது, நட்பான சுபாவம் என்றேன். வரவேற்பறை ஜன்னலில் இருந்து எந்தத் தடையுமின்றி ஏரி தெரியும் என்றேன்.

கருணாகரன் சிவப்புப் பேனாவால் ஆவியை மட்டும் அடித்தார்.

"ஆவிக்கு ரெக்கார்டு இல்லை," என்றார். "ஏரிக்கு இருக்கு."

ஏரி இருந்தது உண்மை. பங்களாவின் டி.வி. ஆன்டெனாவைத் திருப்ப ஒருமுறை கூரைமேல் ஏறியபோது நானே பார்த்திருக்கிறேன். வரவேற்பறை ஜன்னலில் இருந்து பார்த்தால் முதலில் தெரிவது ஏரி அல்ல; தொழிலாளர் லைன். பதினாறு வாசல், தகரக்கூரை, கொடியில் துணி, கூரைமேல் கோழி. சிலோன் எஸ்டேட்டுகளில் இருந்து எழுபதுகளில் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்கள் அதை லைன் என்று சொல்வதில்லை, லயம் என்பார்கள். அறைக்குக் காம்பரா என்று பெயர். ஏழாம் காம்பராவில் பரமசிவன், அவர் மனைவி காத்தாயி, மகள் ராஜகுமாரி. கூரையில் இருந்த கோழி அவர்களுடையது.

விளம்பரம் மூன்று பேப்பரில் வந்தது. ஹாஸ்டலில் படித்துக் காட்டினேன். 'தடையின்றி' என்ற இடத்தில் நிறுத்தி, கோழியைப் பற்றிச் சொன்னேன். கட்டிலில் இருந்து உருண்டு விழுந்து சிரித்தார்கள். அப்போது எனக்கு வெட்கமாக இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வாரம் பங்களாவுக்குச் சான்றிதழ் வாங்க ஒரு குழு வந்தது. தலைமை அலுவலகத்தின் சொத்து மேம்பாட்டு அதிகாரி சசிதரன். மலைநகர் மரபுக் கட்டடச் சங்கத்தின் செயலாளர் லெஸ்லி, ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் இருந்து கைத்தடியோடு. எஸ்டேட் சார்பில் கருணாகரனும் அப்பாவும், சுவரைக் காட்டப் பரமசிவன், நடப்பதையெல்லாம் நோட்டில் எழுத நான்.

லெஸ்லி முதலில் சுவரில் ஒரு சட்டத்தைத் தொட்டார். விரல் கறுப்பாயிற்று. முகர்ந்து பார்த்தார்.

"இது என்ன மரம், மேன்?"

"மரமில்லைங்க தொரை. இன்ஜின் ஆயிலு," என்றார் பரமசிவன். "இந்த வருசம் ஃபேக்டரி ஓடல. போன வருசத்து மிச்சந்தான். கொஞ்சம் தண்ணியா இருக்கும்."

லெஸ்லி கண்ணை மூடிக்கொண்டார். "எழுதிக்கோ. தலைமுறைகளாகக் கைவிடப்படாத உள்ளூர்ப் பூச்சு."

எழுதினேன்.

பிறகு கையில் இருந்த 1923 வரைபடத்தை வைத்துக் கோடுகளை எண்ணினார். படத்தில் நாற்பத்தொன்று. சுவரில் நாற்பத்துமூன்று. எல்லோரும் பரமசிவனைப் பார்த்தார்கள்.

"ரெண்டு நான் போட்டதுங்க. சன்னலுக்குப் பக்கத்துல வெடிப்பு விட்டிருந்திச்சி. மறைக்கச் சொன்னாங்க."

"வெடிப்பு யார் போட்டது?"

"அது தானா வந்திச்சிங்க."

"அப்போ வெடிப்பு ஒரிஜினல். கோடு டூப்ளிகேட். கோட்டை எடுத்துட்டு வெடிப்பைக் காப்பாத்தணும்."

அதையும் எழுதினேன். இதற்கெல்லாம் நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பதை நோட்டில் எழுதவில்லை.

பிறகு வரவேற்பறைக்குப் போனோம். சசிதரன் விளம்பரத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். ஏரி வரிக்கு வந்ததும் தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு அப்பால், ஏழாம் காம்பரா வாசலில் காத்தாயி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே இத்தனை பேர் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் எழுந்து, ஈரக்கையால் கும்பிட்டாள்.

"இது என்ன?"

"லேபர் லைன் சார்," என்றார் கருணாகரன்.

"விளம்பரத்துல இல்லையே?"

 அப்பா என்னைப் பார்த்தார். 'சார், அது நான் சும்மா விளையாட்டுக்கு எழுதினது' என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் அமையாது. ஏழு வார்த்தைகூட இல்லை. நான் நோட்டில் 'இது என்ன என்று கேட்கப்பட்டது' என்று எழுதினேன்.

சசிதரன் தொண்டையைச் செருமினார். "பாருங்க. மூணு பேப்பர்ல வந்தாச்சு. இனிமே விளம்பரத்தை மாத்தினா கம்பெனி பொய் சொல்லுச்சுன்னு ஆயிடும். நூறு வருஷமா இந்தக் கம்பெனி பொய் சொன்னதில்லை. அதனால லைனை மாத்தறதுதான் நேர்மை."

ஒரு பிரம்பு நாற்காலியை ஜன்னலுக்கு எதிரில் போட்டு, அதுதான் அதிகாரபூர்வமாகப் பார்க்கும் இடம் என்று தீர்மானித்தார்கள். லெஸ்லி அதில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கைத்தடியை நீட்டி அளந்தார். ஏரியில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு லைனால் மறைவதாகவும், கோழியால் மறைவது மேலும் இரண்டு பங்கு, ஆனால் அது இடத்துக்கு இடம் மாறும் என்றும் அறிவித்தார்.

முதல் யோசனையை அவரே சொன்னார். மறைப்பதை மறைக்க முடியாது, ஆனால் அழகாக்கலாம். லைனையும் டியூடர் ஆக்கிவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது.

பரமசிவன் தன் லயத்துக்குத் தானே வெள்ளையடித்து, தானே கறுப்புக் கோடு போட்டார். பதினாறு காம்பராவுக்கும். கூடவே ஒரு சுற்றறிக்கை வந்தது. அப்பா டைப் அடித்தது. கொடியில் வெள்ளை, கறுப்பு நிறத் துணிகள் மட்டுமே காயலாம். கோழிக்கும் அதே நிறம். கூரைப்புகை இங்கிலாந்து கிராமங்களில் இதமான காட்சி என்பதால், மாலை நான்கு முதல் ஆறு வரை மெல்லிய புகை அனுமதிக்கப்படும்.

காத்தாயி ஆபீசுக்கு வந்தாள். "நாலு மணிக்கு நான் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பேன் தொரை. அடுப்ப யாரு மூட்டுறது?"

"யாராவது மூட்டட்டும்மா. புகை வந்தாப் போதும்," என்றார் கருணாகரன். "சோறு நீ வந்தப்புறம் பொங்கிக்கோ."

இதையும் ஹாஸ்டலில் சொன்னேன். கறுப்புக் கோழியைத் தேடி ராஜகுமாரி நடுவட்டம் வரை போனதாக நானே ஒன்று சேர்த்துக்கொண்டேன். முந்தின வாரத்தைவிட அதிகம் சிரித்தார்கள். ஒருவன் மட்டும், "அந்தம்மா அப்புறம் எப்படித்தான் சமைச்சாங்க?" என்று கேட்டான். மற்றவர்கள் அவனை வாயை மூடச் சொன்னார்கள்.

லயம் அழகாக அமைந்ததுதான் வினையாயிற்று. கோயமுத்தூரில் இருந்து பார்க்க வந்த ஒரு தம்பதி பங்களாவை விட்டுவிட்டு, "அந்தச் சின்ன பங்களா வரிசை தனியா விலைக்கு வருமா?" என்று விசாரித்தார்கள். செய்தி தலைமை அலுவலகத்துக்குப் போனது. மறுநாளே சசிதரன் வந்தார். லயத்தார் எல்லோரையும் மூடிக்கிடந்த ஃபேக்டரி வாசலில் கூட்டி, ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். நான் நோட்டோடு பக்கத்தில்.

"யாரும் பயப்பட வேண்டாம். கம்பெனி ஒருத்தரையும் வெளியேத்தலை. ஏரியை உள்ள அழைக்குது, அவ்வளவுதான். வரப்போற விருந்தாளிக்கு நாம கொஞ்சம் நகர்ந்து உட்கார மாட்டோமா? பங்களா விக்கற வரைக்கும் எல்லாரும் ஃபேக்டரி மாடியில தங்கலாம். காத்தோட்டமான இடம். இலை வாட்டறதுக்குன்னே கட்டினது. பல லட்சம் கிலோ இலை அங்க இருந்திருக்கு. ஒரு இலைகூடக் குறை சொன்னதில்லை."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். பெட்டிமேல் இருப்பவர் பேசி முடித்தால் தட்ட வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம்.

அப்பா காகிதத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனார், பின்னால் நான். 'காட்சி நலன் கருதித் தற்காலிக இடமாற்றத்துக்குச் சம்மதிக்கிறேன்.' ஏழாம் காம்பராவில் காத்தாயி தேத்தண்ணி கொடுத்தாள். சர்க்கரை இல்லை. அப்பா குடித்தார், நான் குடித்ததுபோல் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டேன்.

"எத்தன நாளைக்கு கிளாக்கரய்யா?"

"பங்களா வித்த ஒடனே திரும்பி வந்துரலாமுங்க," என்றார் அப்பா.

காத்தாயி கட்டைவிரலை மையில் ஒற்றினாள். "அங்க இருந்தப்ப இந்தியாக்காரின்னு சொல்லிக் கப்பல் ஏத்துனாங்க. இங்க வந்து எறங்கினா சிலோன்காரின்னாங்க. இப்ப ஏரிய மறைக்கிறவளாம்." சிரித்துக்கொண்டே சொன்னாள். "நான் அம்புட்டு உசரமா இருக்கேன்னு எனக்கே தெரியாமப் போச்சே."

பரமசிவன் சிரிக்கவில்லை. வாசலில் ஒரு கோடு சரியாகக் காயவில்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா முன்னால் நடந்தார். தோலை உரிப்பார் என்று நினைத்தேன். உரித்திருந்தால் தேவலை. தேயிலைச் சரிவில் நின்று, "நீயாவது சொல்லியிருக்கலாமல்லோ," என்றார். கொஞ்ச தூரம் போய், "நானாவது சொல்லியிருக்கோணும்," என்றார்.

லயத்தார் ஃபேக்டரி மாடிக்குப் போனார்கள். இலை பரப்பும் நீளமான கம்பிவலைத் தட்டுகள்மேல் பாய் போட்டு, குடும்பத்துக்கு ஒரு தட்டு. நான்கு பக்கமும் காற்று. சசிதரன் சொன்னது மெய். கம்பெனி லயத்தை இடிக்கவில்லை. அது சட்டப்படி தப்பாகலாம். கூரைத் தகரத்தை மட்டும் கழற்றிப் பத்திரமாக அடுக்கி வைத்தார்கள். ஏரியை மறைப்பது கூரைதான், சுவர் அல்ல என்று லெஸ்லி அளந்து சொல்லியிருந்தார். அக்டோபரில் மழை பிடித்தது. கூரையில்லாத மண்சுவர் எத்தனை நாள் நிற்கும்? கறுப்பும் வெள்ளையுமாகக் கரைந்து விழுந்தது. அதுவும் தானாக வந்ததுதான். ஒரிஜினல்.

மழை விட்ட ஒரு மத்தியானம் வரவேற்பறை ஜன்னலில் இருந்து ஏரியைப் பார்த்தேன். எந்தத் தடையுமில்லை. அழகாக இருந்தது. அழகாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி வேலாமணி குடும்பத்தோடு பங்களா பார்க்க வந்தார். கருணாகரன், சசிதரன், லெஸ்லி மூவரும் கோட்டுப் போட்டு நின்றார்கள். பிரம்பு நாற்காலி தயாராக இருந்தது. வேலாமணி அதில் உட்கார்ந்ததும், சசிதரன் திரையை இழுத்து ஜன்னலை விரியத் திறந்து, கையை ஏரிப் பக்கம் நீட்டி, ஒன்றும் சொல்லாமல் நின்றார். ஒன்றும் சொல்லாமல் நிற்பது என்று முந்தின நாள் ஒத்திகையில் முடிவானது.

"ஏனுங்க," என்றார் வேலாமணி, மப்ளரை இறுக்கிக்கொண்டு. "மொதல்ல அந்தச் சன்னலைச் சாத்துங்க. குளுரு கொல்லுது."

"சார், லேக் வியூ..."

"இருக்கட்டுமுங்க. எங்க ஊட்டுக்காரிக்குத் தண்ணியைப் பாத்தாலே தலை சுத்துமுங்க. அந்தத் திரையையும் இழுத்து உட்ருங்க."

சசிதரன் சாத்தினார். திரையை இழுத்தார். அறை இருட்டாயிற்று. வேலாமணி நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு, விசாரிக்க வேண்டியதை விசாரித்தார். கூட்டிப் பெருக்க ஆள் கிடைக்குமா? சமைக்க?

"இத்தாப் பெரிய ஊட்டை வாங்கிப் போட்டா ஆளுக பக்கத்துலயே இருக்கோணுமுங்க. முன்னால ஒரு லைன் கிய்ன் இருந்திருந்தா எவ்வளவு சவுகரியம்!"

"அது விளம்பரத்துல இல்லைங்க," என்றார் சசிதரன்.

"அதானுங்க கொறை," என்றார் வேலாமணி. ஊருக்குப் போய் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். யோசித்துக்கொண்டே இருக்கிறார்.

அந்த வாரம் ஹாஸ்டலில், "அடுத்து என்னடா ஆச்சு?" என்று கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

பங்களாவும் தேயிலையைப் போல ஆயிற்று. கம்பெனி மறுபடியும் கூடி யோசித்தது. புது விளம்பரம் போடத் தீர்மானித்தது. வேலையாட்கள் தங்கும் வசதி உண்டு என்று இந்த முறை தெரிய வேண்டும். யார் எழுதுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆபீசில் இருந்து காகிதத்தோடு வரும்போது ஃபேக்டரி படியில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். மாடியில் அடுப்பு மூட்ட அனுமதி இல்லை. படிக்குக் கீழே மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். மணி நாலரை. புகை மெல்லியதாக, விதிப்படி போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, பேப்பர்ல ஏரின்னு எழுதுனது நீதானாமே. எங்க வீட்டுக்காரு அன்னைக்கே சொன்னாரு."

 திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகவே பல நாளாக இருந்தேன்.

"நீ எழுதுனா அப்பிடியே நடக்குதேப்பா," என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஏரி தெரியும்னு எழுதுன, தெரியுது. எங்க லயத்தையும் ஒரு வரி எழுதிவிடேன். பதினாறு காம்பரான்னு எழுது. தகரமெல்லாம் பத்திரமாத்தான் இருக்கு."

அன்று சாயந்திரம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பொய் எழுத ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. இதற்கு மூன்று மணிநேரம். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே வரி வைத்தேன்: 'முன்புறம் பதினாறு குடும்பங்களுக்கான வீட்டு வரிசை, முன்பு குடியிருந்தவர்களே திரும்பி வந்து குடியிருப்பார்கள்.' அப்பா வாங்கிப் படித்தார். 'வீட்டு வரிசை' என்பதை மட்டும் தொட்டு, "காம்பரான்னே போடு," என்றார். மறுநாள், முதன்முறையாக அவரே அதை மேனேஜர் அறைக்கு எடுத்துப் போனார். கூடவே நானும் போனேன்.

கருணாகரன் படித்தார். 1923 வரைபடத்தை விரித்தார். விரலால் பங்களாவைத் தொட்டு, ரோஜாத் தோட்டத்தைத் தாண்டி, ஏரி வரை நகர்த்தினார். வழியில் ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியேயும் எட்டிப் பார்த்துக்கொண்டார்; அங்கேயும் இல்லை.

"லைனுக்கு ரெக்கார்டு இல்லை," என்றார்.

ஆவியை அடித்த அதே சிவப்புப் பேனா. அந்த இடத்தில் 'வேலையாட்களுக்கு அருகிலேயே காற்றோட்டமான மாடி' என்று அவரே எழுதினார்.

"சரிங்க..." என்று தொடங்கிய அப்பா வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் நின்றதுதான் முப்பது வருடத்தில் அவர் செய்த பெரிய கலகம். கருணாகரன் அதைக் கவனிக்கவில்லை.

படியில் காத்தாயி அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்தபடி எழுந்தாள்.

"எழுதிட்டியா தம்பி?"

"எழுதிட்டேன்," என்றேன். அது பொய் இல்லை.

"பதினாறுன்னு போட்டியா?"

"போட்டேன்."

அவள் மாடியைப் பார்த்து, "ஏய் ராசகுமாரி," என்று குரல் கொடுத்தாள். "அந்தப் பானைய எறக்கி வையி. பாயச் சுருட்டு. தம்பி எழுதிருச்சு."